டெஸ்க்டாப் நின்றுபோய் டிரைவும் காணாமல் போனால்

ப்ளூ ஸ்க்ரீன் வந்து சிஸ்டம் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. மறுபடி எழும்போது விண்டோஸ் வராமல், பூட் டிவைஸ் இல்லை என்று கருப்புத் திரை சொல்கிறது. பவரை அணைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் போட்டால் எல்லாம் பழையபடி ஓடுகிறது. இப்படி நடந்தால் தயவுசெய்து ஃபார்மட் அடிக்க ஓடாதீர்கள். விண்டோஸ் கெட்டால் பயாஸிலிருந்து (விண்டோஸுக்கு முன்பே எழும் மதர்போர்டின் செட்டிங் திரை) டிரைவ் மறையாது. கோளாறு பெரும்பாலும் டிரைவிலோ, அதற்குப் போகும் கேபிளிலோ, கரண்டிலோ இருக்கிறது.

நின்றுபோன அந்த நிமிடமே பெரிய தடயம். பவர் பட்டனைத் தொடாமல், ரீஸ்டார்ட் ஆகும்போதே டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் டிரைவ் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தும் பூட் ஆகவில்லையென்றால் தேதியையும் நேரத்தையும் கவனியுங்கள். அவை பழைய தேதிக்குத் திரும்பியிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். அதனால் சாட்டா மோடும் (மதர்போர்டு டிரைவோடு பேசும் முறை) மாறிப்போய் விண்டோஸ் எழாது. பேட்டரியை மாற்றி, மோடை முன்பிருந்தபடி வையுங்கள், பெரும்பாலும் ஏஹெச்சிஐ. பெயரே இல்லையென்றால் சுவர் சுவிட்சை அணைத்து, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். ரீஸ்டார்ட்டில் டிரைவுக்குப் போகும் 5 வோல்ட் நிற்பதில்லை. அதனால் உறைந்துபோன எஸ்எஸ்டி கன்ட்ரோலர் (எஸ்எஸ்டியை இயக்கும் சிப்) முழுதாக அணைத்தால்தான் மீளும். முழுதாக அணைத்த பின் மட்டும் திரும்பி வருகிற டிரைவ் என்றால் எஸ்எஸ்டியையே முதலில் சந்தேகப்படலாம்.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை முக்கியமான ஃபைல்களை வேறு டிரைவுக்குக் காப்பி எடுப்பது. பரிசோதனையெல்லாம் அதற்குப் பிறகுதான். விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ரிப்பேர் ஆப்ஷனோடு ஓட்ட வேண்டாம். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கை அது மணிக்கணக்கில் வாட்டும். ஹார்டு டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் கேட்டால் உடனே அணைத்து, டேட்டா ரெகவரி தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவர், அதில் சிஸ்டம் லாக். டிஸ்க் என்ற பெயரில் 7 வந்தால் பேட் பிளாக், 11 வந்தால் கன்ட்ரோலர் பிழை, 153 வந்தால் படிக்கவோ எழுதவோ மறுபடி முயன்றது என்று பொருள். ஸ்டோர்ஏஹெச்சிஐ பெயரில் 129 வந்தால் பதில் சொல்லாத டிரைவை விண்டோஸ் ரீசெட் செய்திருக்கிறது. நின்றுபோன நேரத்துக்கு கெர்னல்-பவர் 41 (முறையாக அணையாமல் நின்றது என்ற குறிப்பு) தவிர வேறு ஒன்றுமே இல்லை, ப்ளூ ஸ்க்ரீன் வரும்போது எழுதப்படும் டம்ப் ஃபைலும் இல்லை என்றால் அதுவும் தடயம்தான். சி டிரைவே கழன்றுபோனால் பிழையை எழுதிவைக்க இடம் ஏது? ஆனால் சட்டென்று கரண்ட் போனாலும் லாக் இப்படித்தான் இருக்கும் என்பதால், அந்த நேரத்தில் வீட்டில் லைட் மினுக்கியதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் ஸ்மார்ட் விவரம், அதாவது டிரைவ் தன் நிலையைத் தானே குறித்து வைத்த கணக்கைப் பாருங்கள். ரா மதிப்புகள் ஹெக்ஸில் தெரியும், செட்டிங்கில் தசம எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்க்கில் கெட்ட செக்டர்களைக் காட்டும் 05, சி5, சி6 ஆகியவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகிறது, மாற்ற வேண்டியதுதான். சி7, அதாவது கேபிள் வழியே டேட்டா சிதைந்து வந்த சிஆர்சி பிழை எண்ணிக்கை மட்டும் ஏறினால் கேபிளைப் பாருங்கள். இந்த எண் ஒருபோதும் குறையாது. இன்றைய எண்ணைக் குறித்து வைத்து, கேபிள் மாற்றிய பிறகு ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

வடசென்னையில் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய வீடுகளில் கேபிளைச் சந்தேகப்படக் காரணம் அதிகம். கனெக்டரில் உள்ள தங்கப் பூச்சு மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் உப்புக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் உள்ளே இருக்கும் உலோகத்தை அரிக்கும். சாட்டா கனெக்டர் சுமார் 50 முறை சொருகி எடுப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதனால் சும்மா கழற்றிக் கழற்றிச் சொருகுவது மருந்தல்ல. ரிச்சி ஸ்ட்ரீட்டில் லாக் கிளிப் உள்ள புது சாட்டா கேபிள் வாங்கி, மதர்போர்டில் வேறு போர்ட்டில் சொருகுங்கள். சிபியுவை ஜன்னலோரம் கடல்காற்று படும்படி வைக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த சிபியுவாக இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் தரும் பெட்டி) நம்பவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

டிரைவுக்கான பவர் லைனில் மோலெக்ஸ்-சாட்டா கன்வெர்ட்டர் (பழைய நான்கு பின் பவர் பிளக்கை சாட்டா பிளக்காக மாற்றும் துண்டு) இருந்தால் எடுத்துவிடுங்கள். மோல்டு செய்த மலிவு வகை உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கவும் கூடும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வரும் சாட்டா பிளக்கையே பயன்படுத்துங்கள். மல்டிமீட்டர் இருந்தால், கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போது காலியான மோலெக்ஸில் கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே அளந்து பாருங்கள்: 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே 11.4 முதல் 12.6. மீட்டர் முனை இரண்டு பின்னைச் சேர்த்துத் தொட்டுவிடக் கூடாது. பெரிய ஃபைல் காப்பி ஆகும்போது இந்த எல்லைக்குக் கீழே விழுந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை ஒருபோதும் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே ஆபத்தான சார்ஜ் இருக்கும். கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் பழைய கேபிளைப் புதியதில் மாட்டவும் கூடாது. பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டிரைவ் ஒரே நொடியில் கருகிவிடலாம்.

பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருந்தும் எர்த் இல்லாமல் இருப்பதுண்டு. கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடித்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எஸ்எஸ்டியில் ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேர்) குறையும் இருக்கலாம். குரூஷியல் எம்4 எஸ்எஸ்டி 5,184 மணி நேரம் ஓடியபின் நின்றுபோய், பிறகு ஒவ்வொரு மணி நேரமும் மறைந்தது. 2012-இல் வந்த அப்டேட்தான் அதைச் சரிசெய்தது. உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் தளத்தில் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள், பேக்கப் எடுத்துவிட்டுப் போடுங்கள். மதர்போர்டிலேயே நேராகச் சொருகும் எம்.2 வகையானால் கழற்றி மீண்டும் மாட்டி, ஸ்க்ரூ இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸின் பவர் ஆப்ஷனில் பிசிஐ எக்ஸ்பிரஸின் கீழ் உள்ள லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டை ஆஃப் செய்யுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வழக்கமாக எவ்வளவு நாளுக்கு ஒருமுறை நிற்குமோ அதைப்போல இரு மடங்கு காலம் ஓடவிட்டுப் பார்த்தால்தான் சரியானதா என்று தெரியும். கேபிள், போர்ட், எஸ்எம்பிஎஸ் மூன்றும் மாறியும் டிரைவ் மறைந்தால், வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் மறைந்தால் பில்லோடு வாரண்டிக்குக் கொடுங்கள். வேறு டிரைவ் போட்டும் இதே கம்ப்யூட்டரில் மறைந்தால் மதர்போர்டுதான்.