187 முதன்மை எண்ணா? பெரிய எண்களில் சறுக்கும் இடங்கள்

கோட்டையிலிருந்து கட்டுநாயக்க போகும் பஸ்ஸின் இலக்கம் 187. அது முதன்மை எண்ணா, அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணா என்று வெள்ளவத்தையில் என்னிடம் கணிதம் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், பாதிப் பேர் "ஓம் சேர்" என்பார்கள். 11ஐ 17ஆல் பெருக்கினால் 187. காலி வீதியில் ஓடும் 101தான் முதன்மை எண். 2, 3, 5ஆல் வகுபடவில்லை என்றதும் பேனையை மூடிவிடுவதால் வரும் வினை இது.

சிலர் நேர்மாறு: எண்ணின் பாதிவரை வகுத்துக்கொண்டே போவார்கள். வர்க்கமூலம் வரை போனால் போதும். ஒரு காரணி அதைவிடப் பெரிதென்றால் அதன் சோடி சிறிதாகத்தானே இருக்கும்? 2147483647 முதன்மை எண் என்று கணித மேதை ஒயிலர் 1772இல் காட்டினார். அதன் பாதி 107 கோடிக்கு மேல். வர்க்கமூலமோ 46,340 சொச்சம்தான்.

அந்த எண் 2³¹ − 1. இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. அடுக்கில் 2, 3, 5, 7 போட்டால் 3, 7, 31, 127 என்று எல்லாம் முதன்மை எண்ணாகவே வரும். அடுக்கு முதன்மை எண் என்றால் விடையும் அப்படித்தான் என்று மனம் முடிவு கட்டிவிடும். அடுத்து 11ஐப் போடுங்கள்: 2047. அது 23 × 89. அடுக்கு முதன்மை எண்ணாக இருப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது.

17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர் மெர்சென்னே இதில் சறுக்கியவர். முதன்மை எண் தரும் அடுக்குகள் என்று 1644இல் அவர் தந்த பட்டியலில் 67உம் இருந்தது. 2⁶⁷ − 1இன் காரணிகள் 193707721, 761838257287 என்று அமெரிக்கக் கணித அறிஞர் கோல் கண்டுபிடித்தது 1903இல்தான். தேடுவதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. அடுக்கு 2ஐவிடப் பெரிய முதன்மை எண்ணாக இருந்தால், காரணி எதிலிருந்தும் 1ஐக் கழித்தால் மீதி அடுக்கின் இருமடங்கால் வகுபடும். 23இலும் 89இலும் பாருங்கள்: 22, 88. இரண்டும் 22இன் மடங்குகள். எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

முதன்மை எண்களுக்கு முடிவே இல்லை என்று பண்டைய கிரேக்கர் யூக்ளிட் தந்த நிறுவலையும் பலர் பிழையாகவே சொல்கிறார்கள். முதல் சில முதன்மை எண்களைப் பெருக்கி 1ஐக் கூட்டினால் புதிய முதன்மை எண் கிடைக்குமாம். 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031. அது 59 × 509. பட்டியலில் இல்லாத ஒரு முதன்மைக் காரணி அதற்கு இருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம், 2024 ஒக்டோபரில் அறிவித்த முதன்மை எண் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. இலக்கங்கள் மட்டும் 4,10,24,320. செக்கனுக்கு ஒன்றாக வாசித்தாலும் 474 நாள் தாண்டும். அதை "மிகப் பெரிய முதன்மை எண்" என்று எழுதக்கூடாது. "அறியப்பட்டவற்றுள் பெரியது" என்க. வங்கிக் கணக்குகளைக் காப்பதும் இதுதான் என்பது வெறும் கதை. அங்கே சில நூறு இலக்கம் உள்ள முதன்மை எண்களே போதும், ஆனால் அவை வெளியே தெரியக்கூடாது. இதுவோ பேப்பரிலேயே வந்துவிட்டது.