மழைப் புத்தகமும் காமன் கூத்தும் காணாமல் போகாமல் இருக்க: மலையகத்தில் ஆய்வுத் தரவைச் சேர்ந்து வைப்பது எப்படி

பண்டாரவளைப் பக்கம் ஓர் ஆசிரியர் தோட்டத்து மழைக் கணக்குப் புத்தகங்களைப் படமெடுத்து வைத்திருக்கிறார். பேராதனையில் ஒரு மாணவி மண்சரிவு பற்றி ஆய்வு செய்கிறார். அட்டனில் ஒருவர் பெரியவர்களிடம் காமன் கூத்து என்ற நாட்டுப்புறக் கூத்தின் பாட்டுகளைக் கேட்டுப் பதிவு செய்கிறார். இப்படிப்பட்ட ஆட்கள் இலங்கையின் மலையகம் முழுக்க இருக்கிறார்கள், ஆனால் ஒருவரிடம் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. போன் கெட்டுப் போனால் அதோடு எல்லாமே போய்விடும். சொந்த சர்வர் வாங்காமல், பெரிய பணம் இல்லாமல், ஏற்கெனவே உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்ளும் வசதிகளை வைத்தே இதைச் சரிசெய்யலாம்.

முதலில் உட்கார்ந்து பேசி, ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: தரவு யாருடையது, யார் பார்க்கலாம், குழுவிலிருந்து ஒருவர் வெளிநாடு போய்விட்டால் அவருடைய வேலை யார் கைக்கு வரும். கணக்குகளைத் தனி ஒருவரின் ஜிமெயிலில் திறக்காதீர்கள். குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் வையுங்கள், கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். அப்புறம் ஒவ்வொருவரும் ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் (ORCID) தளத்தில் தங்களுக்கென்று 16 இலக்க எண் ஒன்றை இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறார்கள், முதலெழுத்து முன்னும் பின்னும் மாறுகிறது, அதனால் உழைத்தவர் யார் என்பது பதிவில் தெளிவாக நிற்க இந்த எண் அவசியம்.

வேலை நடக்கும் இடம் வேறு, முடிந்ததை வைக்கும் இடம் வேறு. தினசரி வேலைக்கு கூகுள் டிரைவ் போதும். முடிந்ததை ஸெனோடோவில் (Zenodo) ஏற்றுங்கள். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடமும் ஓப்பன்ஏர் அமைப்பும் 2013இல் தொடங்கிய களஞ்சியம் அது, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், ஒரு பதிவில் 50 ஜிபி வரை வைக்கலாம். ஏற்றியதும் அந்தப் பதிவுக்கென்று டிஓஐ (DOI) என்ற நிரந்தர எண் கிடைக்கும். பின்னால் திருத்தினால் புதிய பதிப்பாக ஏற்றவேண்டும், பழையதும் அப்படியே இருக்கும். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் பேராதனையை மையமாகக் கொண்ட லேர்ன் (LEARN) வலையமைப்பு பற்றித் தங்கள் கணினிப் பிரிவில் விசாரியுங்கள். நாட்டின் உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைப்பது அதுதான். பழைய சஞ்சிகை, கோயில் மலர், துண்டுப் பிரசுரம் எல்லாம் இருந்தால் 2005இலிருந்து இயங்கும் நூலகம் தளத்தாரிடம் பேசுங்கள், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு அதைவிடப் பொருத்தமான வீடு எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது மழைப் புத்தகம். அதிக கவனம் தேவைப்படுவது இங்கேதான். பழைய பக்கங்களில் அளவு அங்குலத்தில் இருக்கும், பிற்காலத்தில் மில்லிமீட்டருக்கு மாறும், சில புத்தகங்களில் நடுவிலேயே மாறும். தசமப் புள்ளி ஈரத்தில் மங்கி 1.25 என்பது 125 போலத் தெரியும். ஒரு நாளில் கோடு, ஒரு நாளில் சுழியம், ஒரு நாள் வெறுமை. சுழியம் என்றால் மழை இல்லை. வெறுமை என்றால் அன்று யாரும் அளக்கவில்லை என்றும் இருக்கலாம். வெறுமையைச் சுழியமாக நிரப்பிவிட்டால், ஒருவேளை பெருமழையில் மழைமானி வரைக்கும் போகமுடியாத நாள் காய்ந்த நாளாகப் பதிவாகிவிடும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களே புதைந்துபோன மண் இது. இங்கே மழைக் கணக்கில் ஊகத்துக்கு இடமே கொடுக்கக்கூடாது. ஆகவே அட்டவணையில் மூன்று பத்திகள் வையுங்கள்: புத்தகத்தில் உள்ளது உள்ளபடி, நீங்கள் மில்லிமீட்டருக்கு மாற்றியது, சந்தேகக் குறிப்பு. 1.25 அங்குலம் என்றால் 31.75. தேதியை 1968-04-03 என்ற வரிசையில் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஏப்ரல் 3ஆ மார்ச் 4ஆ என்று கேட்க அன்றைக்கு எழுதியவர் இருக்கமாட்டார். பக்கத்தின் படமும் அட்டவணையோடே போகவேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

இடப்பெயர் இன்னொரு சிக்கல். அட்டன், ஹட்டன், ஹற்றன் மூன்றும் ஒரே ஊர், கணினிக்கு மூன்று ஊர். தோட்டங்களுக்கோ பதிவில் ஒரு பெயர், சனங்கள் சொல்வது வேறு பெயர். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குறியெண் கொடுத்து, எல்லாப் பெயர்களையும் அதன்கீழ் எழுதி, வரைபடத்தில் இருக்கும் அமைவிடத்தையும் சேர்த்து ஒரு தனிப் பட்டியல் செய்யுங்கள். விக்கித்தரவு (Wikidata) என்ற பொதுத் தரவுத்தளத்தில் அந்த ஊர் இருந்தால் அதன் எண்ணையும் போடுங்கள். இந்தப் பட்டியல் ஒன்று சரியாக அமைந்துவிட்டால் மழை ஆய்வும் கூத்து ஆய்வும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்புகள் நம்மிடம் ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும், தேடினாலும் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை கண்ணால் படித்துப் பார்த்து, மூலக் கோப்பையும் கூடவே வையுங்கள். அட்டவணைகளை எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி (CSV) கோப்பாக, யூடிஎஃப்-8 (UTF-8) என்ற யூனிகோடு குறியாக்கத்தில் சேமியுங்கள்.

ஒலிப்பதிவை, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் (WAV) வடிவில் எடுங்கள், ஒற்றை ஒலித்தடத்தில் ஒரு மணி நேரம் சுமார் 350 எம்பி வரும், பரவாயில்லை. ஆனால் அதைவிட முக்கியம் சம்மதம். காகிதத்தில் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது, அவர் பேசும் தமிழிலேயே கேளுங்கள்: "தாத்தா, இந்தப் பாட்ட வெளியில யாரு வேணும்னாலும் கேக்கலாமா, இல்ல படிக்கிற புள்ளைங்க மட்டும் கேட்டா போதுமா?" பதிலும் பதிவிலேயே இருக்கட்டும். யாரும் கேட்கலாம் என்றால் எப்படிப் பகிரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமம் போடலாம். கட்டுப்பாடு வேண்டுமென்றால் ஸெனோடோவில் விவரக் குறிப்பை மட்டும் திறந்து வைத்துக் கோப்புகளைப் பூட்டி வைக்கலாம். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பின்வந்த பிரஜாவுரிமைப் பத்திரங்கள், பழைய கடவுச்சீட்டுகள் பல வீட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன. அந்தக் குடும்பங்கள் நம்பிக்கையோடு எடுத்துக் காட்டுகின்றன. எண்ணும் முகவரியும் தெரியும்படி அவற்றை ஒருபோதும் பொதுவில் போடாதீர்கள், 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

பிரதிகள் மூன்று: ஒன்று இணையத்தில், ஒன்று ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இன்னொருவர் வீட்டில். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகமே இணையத் தாக்குதலில் மாதக்கணக்கில் முடங்கியது. நம் ஊர் ஈரத்துக்கு ஹார்ட் டிஸ்கைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரமுறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள்.

எல்லாக் கோப்புறையிலும் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கவேண்டும்: யார், எங்கே, எப்போது, எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது. எழுதி முடித்ததும் குழுவில் இல்லாத ஒருவரிடம் கோப்புறையைக் கொடுத்து, ஒரு தேதியைச் சொல்லி அன்றைய மழையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் எதையாவது கேட்கவேண்டி வந்தால், அந்தக் கேள்விக்கான பதிலைக் குறிப்பில் சேர்த்த பிறகே ஏற்றுங்கள்.