ஃபிரிட்ஜ் வாங்கும்போது செய்யும் தவறுகள்: கதவைப் பார்க்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

வீட்டுச் சாமான்களிலேயே ஓய்வு என்பதே இல்லாதது ஃபிரிட்ஜ்தான். மிக்சி ஐந்து நிமிடம் ஓடும், வாஷிங் மெஷின் ஒரு மணி நேரம். ஃபிரிட்ஜ் மட்டும் சித்திரை வெயிலிலும், லோ வோல்டேஜிலும், நாம் ஊருக்குப் போய்விட்ட நாட்களிலும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றை வாங்கக் கடைக்குப் போனால் நாம் பார்ப்பது கதவில் இருக்கும் பூ டிசைனையும், திறந்ததும் எரியும் விளக்கையும், மாதத் தவணையையும்தான். ஆறாவது வருஷம் அது ஓடுமா என்று இவை எதுவும் சொல்லாது.

நம்பி வாங்கலாம் என்றால் இரண்டு விஷயம் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலையும் நம் தெரு கரண்டையும் அது தாங்க வேண்டும். கெட்டுப்போனால் சரிசெய்ய ஆளும் பாகமும் பக்கத்தில் கிடைக்க வேண்டும்.

பத்து வருஷ வாரன்டியை முழுதாக நம்புவது

கதவில் பெரிதாக ஒட்டியிருக்கும் ‘10 வருட வாரன்டி’ ஸ்டிக்கர் பெரும்பாலும் கம்ப்ரசருக்கு, அதாவது குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் மோட்டாருக்கு மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்த வாரன்டி பொதுவாக ஒரு வருஷம்தான் இருக்கும். கம்ப்ரசரை இலவசமாகத் தந்தாலும், அதை மாட்டும் கூலி, புதிதாக ஏற்றும் கேஸ், வண்டி வாடகை எல்லாம் நம் கணக்கில் வரலாம். கண்ணாடித் தட்டு, பிளாஸ்டிக் டிரே, பல்பு, டோர் ரப்பர் போன்றவை பல கம்பெனிகளில் வாரன்டிக்குள்ளேயே வராது.

ஆகவே கடைக்காரரிடம் “வாரன்டி எத்தனை வருஷம்?” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ரெண்டாவது வருஷம் பிசிபி போர்டு (ஃபிரிட்ஜை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை) போனால் யார் பணம்? காயிலில், அதாவது கேஸ் ஓடும் குழாயில் லீக் ஆனால் யார் பணம்? கம்ப்ரசர் மாற்ற வந்தால் கேஸுக்கும் கூலிக்கும் தனியாகக் கட்ட வேண்டுமா? இந்த மூன்றுக்கும் பதிலை வாரன்டி கார்டில் காட்டச் சொல்லுங்கள். வாயால் சொல்வதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. எலி ஒயரைக் கடித்தாலோ வெள்ளத்தில் மூழ்கினாலோ வாரன்டி கிடைக்காது என்பதையும் அதே கார்டில் படிக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தரைத்தள வீட்டில் ஃபிரிட்ஜைப் பறிகொடுத்த சென்னைக்காரர்களுக்கு அதன் அர்த்தம் நன்றாகத் தெரியும். ஒருமுறை தண்ணீர் ஏறிய ஃபிரிட்ஜை, மெக்கானிக் பார்த்துச் சொல்லும்வரை பிளக்கில் சொருகவே கூடாது.

‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்ற பேச்சு

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகப் பணம் வீணாவது இங்கேதான். ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் கேஸ் அடுப்பு சிலிண்டர் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் சில வாரங்களில் மறுபடி அதே கதை.

பழைய ஃபிரிட்ஜ்களில் பின்பக்கம் கறுப்பு வலை மாதிரி கண்டென்சர் (வெப்பத்தை வெளியே தள்ளும் குழாய்) வெளியே தெரியும். இன்று பல மாடல்களில் அது பக்கச் சுவர்களின் தகடுக்குள் ஃபோமோடு சேர்த்துப் புதைக்கப்பட்டிருக்கிறது. பக்கவாட்டில் கை வைத்தால் சுடுவது அதனால்தான். அது கோளாறு இல்லை. ஆனால் அந்தப் புதைந்த குழாயில் லீக் வந்தால் ஓட்டையைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். பல மெக்கானிக்குகள் உள்ளே இருக்கும் குழாயைத் துண்டித்துவிட்டு, வெளியே புதிதாக ஒரு கண்டென்சரைப் பொருத்திவிடுவார்கள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி, சென்னையில் கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்று உலோகத்தைத் தின்றுவிடும். குழாய் செம்பா, அலுமினியமா, இரும்பா, துரு பிடிக்காமல் இருக்கப் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் கம்பெனி சர்வீஸ் எண்ணில் கேட்கலாம். அடிப்பகுதித் தகடும் கதவின் கீழ் விளிம்பும் எப்படிப் பூசப்பட்டிருக்கின்றன என்பதைக் குனிந்து பாருங்கள். துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

இன்னொரு விஷயம், இப்போது வரும் ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ என்ற கேஸ்தான். இது ஐசோபியூட்டேன். முன்பு பயன்பட்ட ஆர்-134ஏவைவிடச் சுற்றுச்சூழலுக்குப் பல மடங்கு நல்லது. ஆனால் தீப்பிடிக்கக்கூடியது. உள்ளே இருக்கும் அளவு சில பத்து கிராம்தான் என்பதால் சாதாரணமாகப் பயப்பட வேண்டியதில்லை. பழுது பார்க்கும்போது, கேஸை முழுதாக வெளியேற்றாமல் குழாய் மேல் நெருப்பைக் காட்டினால்தான் ஆபத்து. இந்த கேஸில் வேலை செய்து பழகிய மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். அவரிடமே இன்னொன்றும் கேளுங்கள்: “எந்த கம்பெனி பாகம் இங்கே உடனே கிடைக்குது?” தேனியிலோ பட்டுக்கோட்டையிலோ இருப்பவருக்கு இந்த ஒரு கேள்வியின் பதில், இணையத்தில் படிக்கும் நூறு விமர்சனத்தைவிட உதவும்.

‘அப்பா காலத்து கம்பெனி’ என்ற நம்பிக்கை

இருபத்தைந்து வருஷம் ஓடிய பழைய ஃபிரிட்ஜ் மேல் பாசம் இருப்பது நியாயம்தான். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் தயாரிப்பும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணக் கூடாது. கெல்வினேட்டர் ஆஃப் இந்தியா நிறுவனத்தை 1990களின் நடுவில் வேர்ல்பூல் வாங்கியது. கெல்வினேட்டர் என்ற பெயர் வேறு கைகளுக்குப் போய், 2025-ல் ரிலையன்ஸ் ரீடெய்லிடம் வந்திருக்கிறது. இன்று அந்தப் பெயரில் வரும் பெட்டியை இன்றைய தயாரிப்பாகவே எடைபோட வேண்டும். ஒரே கம்பெனியிலேயே ஒரு மாடல் நன்றாகவும் இன்னொன்று தொல்லையாகவும் இருப்பது சகஜம். மாடல் எண்ணை வைத்துத்தான் விசாரிக்க வேண்டும்.

ஸ்டாரை எண்ணுவது, யூனிட்டைப் படிக்காமல் விடுவது

ஸ்டார் லேபிளில் நட்சத்திரத்துக்குக் கீழே வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். முக்கியமான எண் அதுதான். அதோடு லேபிள் எந்தக் காலத்துக்குரியது என்பதும் இருக்கும். ஐஸைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ்களுக்கு ஸ்டார் லேபிள் 2010-ல் கட்டாயமானது. அதன் பிறகு அளவுகோலை அவ்வப்போது இறுக்கிக்கொண்டே வருகிறார்கள். 2023 ஜனவரியிலும் அப்படி ஒரு மாற்றம் வந்தது. பழைய கணக்கில் 5 ஸ்டார் வாங்கிய பெட்டி புதிய கணக்கில் கீழே இறங்கியிருக்கலாம். ஆடித் தள்ளுபடியில் மலிவாக வரும் 5 ஸ்டாரில் லேபிளின் காலத்தையும், பின்பக்கம் உள்ள தயாரிப்பு மாதத்தையும் பார்த்துவிடுங்கள்.

சரி, ஸ்டார் கூடினால் எவ்வளவு மிச்சம்? ஒரு மாடல் வருஷத்துக்கு 250 யூனிட், இன்னொன்று 190 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 60 யூனிட், அதாவது இரண்டு மாத பில்லில் 10 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று போட்டால் வருஷத்துக்கு 360 ரூபாய். இதற்காக 5,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் அது திரும்ப வர பதினாலு வருஷம் ஆகும். ஆனால் உங்கள் வீட்டு பில் 500 யூனிட்டை ஒட்டியே ஊசலாடுகிறது என்றால் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் சேர்த்து ஸ்லாப், அதாவது கட்டண விகிதம் மாறிவிடும். அந்த வீட்டில் 10 யூனிட்டும் பெரிய விஷயம்தான். உங்கள் கடைசி மூன்று பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ் என்றால் கரண்ட் போனாலும் ஓடும் என்று நினைப்பது

இன்வெர்ட்டர் கம்ப்ரசர் என்பது தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் கம்ப்ரசர். சத்தம் குறையும், மின்சாரம் மிச்சமாகும். வீட்டில் பேட்டரி வைத்திருக்கும் இன்வெர்ட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்து ஓட்டும் வசதி வேண்டுமென்றால் அந்த மாடலில் அது இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இந்த கம்ப்ரசரை இயக்குவது ஒரு எலக்ட்ரானிக் போர்டு. கரண்ட் போய் வரும்போது பாயும் அதிக வோல்டேஜும், ஐப்பசி மழையின் இடியும் முதலில் அடிப்பது அந்த போர்டைத்தான். ‘ஸ்டெபிலைசர் தேவையில்லை’ என்று எழுதியிருந்தால் அது எந்த வோல்டேஜிலிருந்து எந்த வோல்டேஜ் வரை என்று கையேட்டில் பாருங்கள். உங்கள் தெருவில் மாலை ஏழு மணிக்கு எவ்வளவு வருகிறது என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை அளந்துவிட்டால் ஊகத்துக்கே இடமில்லை. அந்த எல்லைக்கு வெளியே போகிறது என்றால், கரண்ட் திரும்பி வந்ததும் சில நிமிடம் தாமதித்து இணைக்கும் நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று போடுங்கள். எர்த் சரியாக இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஃபிரிட்ஜை ஓட்டவே கூடாது.

வெயிலுக்கும் ஒரு குறியீடு உண்டு. பின்பக்கத் தகட்டிலோ கையேட்டிலோ கிளைமேட் கிளாஸ் என்று போட்டிருக்கும். ‘எஸ்டி’ என்றால் சுற்றியுள்ள வெப்பம் 38 டிகிரி வரை, ‘டி’ என்றால் 43 டிகிரி வரை. வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி பக்கம் கோடையில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். அடுப்பு எரியும் சமையலறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே ‘டி’ இல்லாததை நான் வாங்க மாட்டேன்.

லிட்டரை மட்டும் பார்ப்பது

250 லிட்டர் டபுள் டோர் 200 லிட்டர் சிங்கிள் டோரைவிட ரொம்பப் பெரியது என்று தோன்றும். டபுள் டோரில் கிட்டத்தட்ட கால் பங்கு ஃப்ரீசருக்கே போய்விடும். மீன், இறைச்சி, ஐஸ்கிரீம் வைக்காத வீட்டில் அந்த இடம் பெரும்பாலும் காலிதான். கீழே காய்கறிக்கும் மாவுக்கும் கிடைக்கும் இடம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நிற்கும்.

கடைக்குப் போகும் முன், வீட்டில் இட்லி மாவு வைக்கும் பாத்திரத்தின் உயரத்தையும் அகலத்தையும் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூடியோடு அளக்க வேண்டும். கடையில் நடுத்தட்டின் உயரத்தை அளந்து பார்த்தால் பல மாடல்களில் அது உள்ளே போகாது. தட்டை மேலே கீழே மாற்றலாமா, மாற்றினால் கதவில் இருக்கும் பாட்டில் இடிக்குமா என்று அங்கேயே செய்து பாருங்கள். இரண்டு கிலோ அரிசிக்கு ஆட்டும் வீட்டில் தினமும் தேவைப்படும் வசதி இதுதான். தண்ணீர் வரும் குழாய், கதவில் திரை போன்றவை கெட்டுப்போவதற்குக் கூடுதலாக ஒரு பாகம், அவ்வளவுதான்.

சிங்கிள் டோரா டபுள் டோரா என்பதில் என் கருத்து: அடிக்கடி கரண்ட் போகும் ஊரில், நாலு பேருக்குள் இருக்கும் வீட்டுக்கு, ஐஸ் கட்டும் டைரக்ட் கூல் சிங்கிள் டோரே போதும். பாகங்கள் குறைவு. பழுதும் எளிது. ஐஸ் அதிகமாகக் கட்டும் முன் டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தும் வேலை மட்டும் உண்டு. கத்தியால் குத்தி ஐஸ் எடுத்து காயிலை ஓட்டை போட்டுக்கொள்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் ஃபேன், ஹீட்டர், சென்சார் என்று பாகங்கள் அதிகம். மேலே ஐஸ் நன்றாக உறைகிறது, கீழே பால் திரிகிறது என்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணம், கம்ப்ரசர் அல்ல. அந்த நேரத்தில் “கம்ப்ரசர் போச்சு” என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

இடத்தை அளக்காமல் வாங்குவது

வீட்டு வாசல், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட், வைக்கும் மூலை, இவற்றை அளக்க வேண்டும். கதவு முழுதாகத் திறந்தால்தான் காய்கறி டிரே வெளியே வரும். சுவரை ஒட்டி வைத்தால் பல வீடுகளில் அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. பக்கத்திலும் பின்னாலும் கையேடு சொல்லும் அளவு காற்றுக்கு இடம் விடுங்கள். மாடுலர் கிச்சன் அலமாரிக்குள் அடைத்துவைத்த ஃபிரிட்ஜ் வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல் கம்ப்ரசரை ஓயாமல் ஓட்டிக்கொண்டிருக்கும்.

ஜிஎஸ்டி குறைந்ததால் விலை குறைந்தது என்று யாராவது சொன்னால் அதையும் சரிபாருங்கள். ஃபிரிட்ஜுக்கு 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது 2018 ஜூலையிலேயே. 2025 செப்டம்பரில் குறைந்தது ஏசி, பெரிய டிவி, டிஷ்வாஷர் போன்றவற்றுக்கு.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று

அட்டையைப் பிரிக்கும்போது டெலிவரி ஆள் நிற்க வேண்டும். நசுங்கல் இருந்தால் அங்கேயே போட்டோ எடுத்து, கையெழுத்துப் போடும் தாளில் எழுதிவிடுங்கள். சீரியல் எண் பில்லில் இருப்பதும் பின்பக்கம் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். டிஸ்ப்ளேயில் வைத்திருந்த பீஸ் மாறி வந்திருந்தால் பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். வண்டியில் சாய்த்துக் கொண்டு வந்திருந்தால் கம்ப்ரசர் ஆயில் குழாய்க்குள் போயிருக்கலாம். அது இறங்கி வரச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, பிறகு பிளக்கில் போடுங்கள்.

கதவு இடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் எல்லா இடத்திலும் கதவு நோட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும். எங்காவது வழுக்கிக்கொண்டு வந்தால் டோர் ரப்பர் சரியாகப் படியவில்லை. முதல் நாளே சொன்னால் மாற்றித் தருவார்கள். திருகியில் இருக்கும் 1, 2, 3 என்பது டிகிரி இல்லை, எண் கூடினால் குளிர் கூடும். உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் சாப்பாடு பத்திரம். சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் ஒரு ராத்திரி வைத்தால் காலையில் தெரிந்துவிடும். இன்சுலின் வைக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். இன்சுலின் உறைந்துவிட்டால் பயன்படாது, அதனால் ஃப்ரீசருக்கு அடியிலும் பின்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள்.

பில்லில் இருக்கும் மை இரண்டு வருஷத்தில் மங்கிவிடும். அன்றைக்கே பில்லையும் வாரன்டி கார்டையும் பின்பக்க லேபிளையும் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.