தீவாந்தரம் போன ஒரு வேலைக்காரியின் வாழ்க்கையைப் பதிவேடுகளிலிருந்து எழுதுவது எப்படி

முதலில் ஒரே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுங்கள். 1788 முதல் 1868 வரை பிரிட்டிஷ் அரசு தண்டனையாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிய கைதிகள் சுமார் 1,62,000 பேர். அவர்களில் பெண்கள் ஏறக்குறைய 25,000. எல்லோரையும் பற்றிப் படிக்கப் போனால் யாரைப் பற்றியும் எழுத மாட்டீர்கள். ஸ்காட்லாந்திலிருந்து, 1853-க்கு முன் டாஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்ட ஒருத்தியை எடுங்கள் என்பது என் யோசனை. டாஸ்மேனியாவுக்கு அப்போது வான் டீமன்ஸ் லேண்ட் என்று பெயர். ஸ்காட்லாந்திலிருந்து போனவர்கள் குறைவுதான். ஆனால் அவர்களுக்குப் புறப்பட்ட ஊரிலும் காகிதம் இருக்கிறது, போய்ச் சேர்ந்த ஊரிலும் இருக்கிறது.

நான் மன்னார்குடியில் பத்திரம் எழுதுகிறவள். மகள் நர்ஸ் வேலைக்கு டாஸ்மேனியாவின் ஹோபர்ட் நகருக்குப் போனாள். அங்கே பெண் கைதிகளை வைத்திருந்த காஸ்கேட்ஸ் ஃபேக்டரியைப் பார்த்துவிட்டு, "பழைய பத்திரமெல்லாம் படிக்கிறியேம்மா, இதையும் படிச்சுச் சொல்லேன்" என்று ஒரு கைதிப் பதிவேட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். எங்கள் பக்கத்தில் வீட்டு வேலை செய்தே காலம் கழித்த பெண்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி வைத்ததில்லை. ஒரு வேலைக்காரியின் உயரம், கண்ணின் நிறம், அவள் கோபத்தில் எதிர்த்துப் பேசிய தேதி எல்லாம் எழுத்தில் இருப்பதைப் பார்த்த பிறகு என்னால் விட முடியவில்லை.

கடைசிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாய்ப்பத்திரத்தைத் தேடிப் போவோமே, அந்த வரிசையில்தான் இதிலும் போக வேண்டும். அதாவது டாஸ்மேனியாவில் தொடங்கி ஸ்காட்லாந்துக்குப் பின்னோக்கிப் போங்கள்.

டாஸ்மேனிய நூலகத்தின் பெயர் அட்டவணை இணையத்தில் இலவசம். பெயரும் கப்பலும் தெரிந்தால் போதும், அவள் மேல் வந்த புகாரையும் தண்டனையையும் எழுதிய நடத்தைப் பதிவேட்டின் படமே திறக்கும். 1844-க்கு முன் வந்த பெண்கள் 'கான் 40' (CON40) என்ற பதிவேட்டு வரிசையில் இருப்பார்கள், பின்னால் வந்தவர்கள் 'கான் 41'-இல் (CON41). கூடவே அங்க அடையாளப் பட்டியலையும் எடுத்துவிடுங்கள். நம் பள்ளிச் சான்றிதழில் மச்சம் குறிப்பதைவிட விரிவாக இருக்கும்: செருப்பில்லாமல் உயரம், அம்மைத் தழும்பு, பச்சை குத்தியது, பிறந்த ஊர், தெரிந்த வேலை. வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள்.

நடத்தைப் பதிவேட்டில் நிதானமாகப் படிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. கப்பல் வந்ததும் குமாஸ்தா ஒவ்வொருத்தியிடமும் 'என்ன குற்றத்துக்காக வந்தாய்' என்று கேட்டு, அவள் சொன்னதை எழுதினார். அது அவள் வாயிலிருந்து வந்தது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் எஜமானர்களின் புகார்: அனுமதியில்லாமல் வெளியே போனாள், குடித்திருந்தாள், எதிர்த்துப் பேசினாள். பக்கத்திலேயே தண்டனை: தனியறை, ரொட்டியும் தண்ணீரும், ஃபேக்டரியில் துணி வெளுக்கும் தொட்டி. பலர் இதை மட்டும் படித்துவிட்டு 'அடங்காத பெண்' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. கைதியாக ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவள் அவள். அவள் தரப்பு அந்தப் பக்கத்தில் கிடையாது.

அதனால் ஒரு நோட்டில் மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள்: தேதி, யார் வீடு, என்ன புகார். ஒரே வீட்டில் புகார் குவிந்து, அடுத்த வீட்டில் வருடக்கணக்கில் ஒன்றுமே இல்லையென்றால், அந்த முதல் வீட்டைப் பற்றி யோசியுங்கள். குற்றம் எதுவும் எழுதாமல் ஃபேக்டரிக்குத் திரும்பியிருந்தால், கர்ப்பமா என்று பாருங்கள். கர்ப்பிணிகளை அங்கேதான் திருப்பி அனுப்பினார்கள். ஞானஸ்நானப் பதிவு, இறப்புப் பதிவு, நியூ டவுன் அனாதைப் பள்ளியின் சேர்க்கைப் பதிவு மூன்றையும் தேடுங்கள். காஸ்கேட்ஸ் குழந்தைகள் அறையில் ஏராளமான குழந்தைகள் செத்துப்போயின. பிழைத்தவை பால்குடி மறந்து சில காலத்தில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு அந்தப் பள்ளிக்குப் போயின. அவளுடைய ஒரு 'ஓடிப்போனாள்' வரிக்குக் காரணம் அங்கே கிடைக்கலாம்.

கைதியின் கல்யாணத்துக்கு அரசு அனுமதி வேண்டியிருந்தது. அந்த அனுமதிப் பட்டியலில் இருவர் பெயரும் கப்பலும் இருக்கும். விடுதலைக்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்பதற்கு, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் இணையதளத்தில் பழைய செய்தித்தாள்களைத் தேடிப் பாருங்கள்.

சரி, இனி ஸ்காட்லாந்து. அங்கே பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் கல்யாணத்தோடு மறைவதில்லை. வழக்குக் காகிதத்தில் 'இன்ன பெயர் அல்லது இன்ன பெயர்' என்று இரண்டையும் எழுதுவார்கள். இரண்டிலும் தேடுங்கள். ஜேனட் வேறிடத்தில் ஜெஸ்ஸி ஆகியிருப்பாள், ஜீன் ஜேன் ஆகியிருப்பாள்.

எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணையை வீட்டிலிருந்தே பார்க்கலாம், நகலுக்குத்தான் காசு. கேட்க வேண்டியது விசாரணைக்கு முந்தைய வாக்குமூலக் கட்டு. பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் நீதிமன்றப் பதிவு நாலு வரியில் முடிந்துவிடும். கட்டில்தான் எஜமானி, கூட வேலை செய்தவள், அடகுக்கடைக்காரர் எல்லோரும் பேசுகிறார்கள். அவளும் பேசுகிறாள்: எங்கே பிறந்தேன், யார் வீட்டில் இருந்தேன், அந்தச் சால்வை எப்படி என் கைக்கு வந்தது. கையெழுத்துப் போடத் தெரியாது என்றால் அதையும் குறித்திருப்பார்கள். குற்றச்சாட்டில் 'திருடி என்று ஊரில் பெயரெடுத்தவள்' என்று இருந்தால் திடுக்கிட வேண்டாம்; தண்டனையைக் கூட்ட ஸ்காட்லாந்துச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருந்தது. முன் தண்டனைகளும் சேர்ந்துதான் ஏழு வருடத் தீவாந்தரமாக ஆகியிருக்கும்.

திருட்டு நடந்த தேதியையும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் பண்ணை வேலைக்காரிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும் அமர்த்துவார்கள். அந்தத் தவணையை ஒட்டிய திருட்டென்றால், வேலை போய் அடுத்த இடம் கிடைக்காமல் நின்றாளா என்று பார்க்கலாம். கல்யாணமாகாமல் குழந்தை பெற்றவர்களை ஊர்த் தேவாலயத்தின் சபை கூப்பிட்டு விசாரித்த குறிப்பேடுகளையும் விட்டுவிடாதீர்கள். ஸ்காட்லாந்து அரசின் வம்சாவளித் தளமான ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிளில் அவற்றைப் பார்ப்பது இலவசம். அரசின் பிறப்பு இறப்புப் பதிவு 1855-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் தேவாலயப் பதிவுதான்.

இந்தப் பழக்கம் கைக்கு வந்ததும் நம் பக்கத்துப் பெண்ணைத் தேடலாம். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். முதல் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து. இவர்கள் கைதிகள் அல்ல, அதை மறந்து எழுதிவிடக் கூடாது. ஆனால் கப்பல் பட்டியல் அதே மாதிரிதான்: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், அங்க அடையாளம். பட்டியல்களின் படிகள் இணையத்தில் இருக்கின்றன. தஞ்சாவூர் ஜில்லாவை 'டாஞ்சோர்' (Tanjore) என்று தேடுங்கள், கும்பகோணத்தைக் 'காம்பகோனம்' (Combaconum) என்று. உங்கள் ஊர்ப் பெயரை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினால் எப்படியெல்லாம் இருக்கும் என்று எழுதிப் பார்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கிராமமும் தகப்பன் பெயரும் ஒத்துப்போனால், அடுத்ததாக அந்த ஊரில் வயதானவர்களிடம் போய்க் கேளுங்கள்.