மட்டக்களப்பில் வளவு வாங்கப் போகிறீர்களா? முதலில் தண்ணி ஓடும் வழியைப் பாருங்கள்

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் காணி தேடத் தொடங்கி விடுவார்கள். தமிழ் ஊரோ முஸ்லிம் ஊரோ, மகளுக்கு ஒரு வீடு கொடுத்தே ஆக வேண்டும், மூன்று மகள் என்றால் மூன்று வீடு. ஊரோ கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கிய மணல் துண்டு. கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று வரிசையாக நிறைந்து போய், இப்போது கைக்கு எட்டுகிற விலையில் வருவதில் பள்ளமும் வயலோரமும்தான் அதிகம். அதனால் விலையைப் பேச முதல் வெள்ளத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

புரோக்கர் காணி காட்டுவது பெரும்பாலும் சித்திரை வெயிலில். அப்போது எல்லாக் காணியும் மேட்டுக் காணிதான். முடிந்தால் கார்த்திகை, மார்கழி மழையில் ஒருதரம் போய் நில்லுங்கள். முடியாவிட்டால் அக்கம்பக்கத்துப் பழைய வீட்டுக்காரரிடம் 2011 ஜனவரி வெள்ளமும் 2024 நவம்பர் வெள்ளமும் எந்தப் படி வரைக்கும் வந்தது என்று கேளுங்கள், கையை வைத்தே காட்டுவார்கள். மதிலின் அடியில் பழுப்புக் கறை ஒரே மட்டத்தில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பிறகு ஒரு அலவாங்கு கொண்டு போய் இரண்டு மூன்று இடத்தில் தோண்டிப் பாருங்கள். மேலே சிவப்புக் கிரவல், கீழே கறுப்புக் களி, அதற்குள் வைக்கோல் அழுகின மணம் என்றால் அது டிப்பர் கொட்டி மூடிய வயல்.

வயலை மூடுவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் எழுத்துமூல அனுமதி வேண்டும். விற்கிறவரிடம் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். "இங்கே எல்லாரும் மூடித்தான் கட்டியிருக்கிறார்கள்" என்பது பதில் இல்லை, நாளைக்குக் கட்டட அனுமதி கிடைக்காமல் போவது உங்களுக்குத்தான். அனுமதியோடு மூடிய காணி என்றாலும் ஒரு மாரி கழிய விட்டுத்தான் அத்திவாரம் வெட்ட வேண்டும், மண் இறுக வேண்டுமே.

பழைய உறுதியை (காணிப் பத்திரத்தை) ஒருதரம் நிதானமாக வாசியுங்கள், குறிப்பாக எல்லைகளை. பழைய உறுதியில் "வடக்கு: வாய்க்கால்" என்று இருந்து, புதுப் பிளானில் அதே இடத்தில் மதில் நின்றால், வாய்க்காலை யாரோ விழுங்கி விட்டார்கள். அந்தத் தண்ணி வேறு எங்கும் போகாது, உங்கள் முற்றத்துக்குத்தான் வரும். கல்முனைப் பக்கம் தோணா (மழைத் தண்ணி வடிகிற ஓடை) ஓரத்துக் காணிகளுக்கும் இதே கதைதான்.

உறுதி சரியா என்பதை நொத்தாரிசு பார்ப்பார், காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்தைப் புரட்டச் சொல்லுங்கள். பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் கவனம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது பெர்மிட்டோ அளிப்போ, பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாறினால் செல்லாது. வெறும் தாளில் எழுதி அட்வான்ஸ் கொடுக்கவும் வேண்டாம், காணி விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசு முன்னால் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். முத்திரை வரியையும் மறந்து விடாதீர்கள்: முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஐம்பது லட்சக் காணிக்கு 1,99,000 ரூபாய், நொத்தாரிசு கூலி வேறு.

காணி வாங்காமல் இருக்கிற வளவையே பிரிக்கப் போகிறவர்கள்தான் இங்கே அதிகம், அவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 20 பேர்ச் வளவு, மூன்று மகள் என்று வையுங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்திய இடங்களில் ஒரு துண்டு பொதுவாக 150 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 6 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது. உள்ளே போக 10 அடி ஒழுங்கை, 60 அடி நீளத்துக்கு விட்டால் அதற்கே இரண்டு பேர்ச்சுக்கு மேல் போய்விடும். மிச்சத்தை மூன்றாக்கினால் தாளில் மயிரிழையில் சரி வரும், தரையில் வராது. 6 பேர்ச் என்பது கிட்டத்தட்ட 40க்கு 40 அடி. கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் நடுவில் 50 அடி விட வேண்டும் என்பார்கள். ஒரு மூலையில் கிணறு, எதிர் மூலையில் குழி என்று வைத்தால் உங்கள் வளவுக்குள் எப்படியோ முடியும், ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி வீட்டுக் குழி எங்கே? மணல் தரையில் இது லேசில் ஊறி வந்துவிடும். நெருக்கமான ஊர்களில் கிணற்றுத் தண்ணியைக் குடிக்க யோசிக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். குழாய்த் தண்ணி இருக்கிற இடத்தில் மட்டும் இப்படிச் சிறிதாகப் பிரியுங்கள், குழிகளை மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே பக்கம் திட்டமிடுங்கள்.

என் அபிப்பிராயம், இரண்டாகப் பிரித்து மூன்றாவதை மாடியில் கட்டுவது நல்லது. மரமும் நிற்கும், மழை இறங்கவும் மண் இருக்கும். மாமிமார் "மாடி வீடா சீதனம்?" என்று முகம் சுளிப்பார்கள், அது அவர்கள் பாடு. ஆனால் மாடிக்குத் தனி உறுதி எழுதுவது லேசான வேலை இல்லை, தொடர்மாடிச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். பிரிக்கப்படாத பங்காக எழுதினால் பிறகு வங்கிக் கடன் கேட்கையில் இழுபடும். கலியாணப் பேச்சு வர முதலே சட்டத்தரணியிடம் கேட்டு வையுங்கள்.

வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கமும் யோசிக்கலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலை தூரம் இல்லை, வலையிறவுப் பாலம் தாண்டினால் வவுணதீவு. ஆனால் அங்கே காணி மலிவு என்று நல்ல வயலை வீட்டுக்கு மூடாதீர்கள், ரோட்டோர மேட்டு வளவைத் தேடுங்கள். இன்னும் உள்ளே போகிறவர்கள் யானை வருமா என்றும் விசாரியுங்கள்.

கட்டத் தொடங்கும்போது அத்திவார மட்டத்தை ரோட்டின் நடு மட்டத்தை வைத்துக் கணக்கிடுங்கள். பக்கத்து வீட்டைவிட இரண்டடி உயர்த்தினால் அவரும் அடுத்த வருடம் உயர்த்துவார். முழு வளவையும் மண் போட்டு நிரப்பாமல் வீடு நிற்கிற இடத்தை மட்டும் உயர்த்தி, சுற்றி மூன்றடி தாழ்வாக விட்டு, மதிலுக்கு அடியில் தண்ணி போக ஓட்டை வையுங்கள். கல் பதித்து முற்றம் முழுவதையும் மூடும் பழக்கத்தை விட்டாலே ஒழுங்கையில் பாதி வெள்ளம் குறையும். இதெல்லாம் கட்டட அனுமதிக்குக் கொடுக்கும் பிளானிலேயே இருக்கட்டும், பிறகு சேர்க்கிறோம் என்றால் மேசன் மறந்து விடுவார். உறுதி பதிந்து கையில் வந்ததும் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ சோலைவரிப் பெயரை மாற்றி, அந்த ரசீதையும் உறுதியோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.