ஈ-டைப்பா, 911-ஆ?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஜாகுவார் ஈ-டைப்பையும் போர்ஷே 911-ஐயும் ஒப்பிடும்போது நான் முதலில் இன்ஜினைத் திறப்பதில்லை. கீழே படுத்து அடிப்பகுதியைப் பார்ப்பேன். ஈ-டைப்பில் கதவுக்குக் கீழுள்ள சில் பகுதியும் தரைத்தகடும் துருப்பிடித்திருந்தால் பாடியே வலுவிழந்திருக்கும். காந்தத்தைத் துணியில் சுற்றித் தடவுங்கள். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டவில்லை என்றால் பெயின்டுக்கு அடியில் ஓட்டையை அடைத்த புட்டிப் பசைதான். 911-இல் பாடி முழுக்கத் துருவைத் தடுக்கும் துத்தநாகப் பூச்சு 1976 மாடலிலிருந்துதான் வந்தது. அதற்கு முந்தையவற்றையும் இதே கண்டிப்போடு சோதியுங்கள்.

அப்புறம் இன்ஜின் எண், சேசிஸ் எண்ணை ஆவணத்தோடு ஒத்துப்பாருங்கள்.

ஓட்டி மகிழ, 1964-இல் வந்த 4.2 லிட்டர் ஈ-டைப்பையே சொல்வேன்: முந்தைய 3.8 லிட்டர் மாடலில் இல்லாத முதல் கியர் சின்க்ரோமெஷ் (கியரை உரசலின்றி மாற்ற உதவும் அமைப்பு) இதில் உண்டு. 911 என்றால் 1969 மாடலிலிருந்து பாருங்கள். வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 57 மிமீ நீண்டதால் வளைவுகளில் அதிக நிதானம்.