பெர்த்துக்குக் காரில் போகிறவர்கள் சூரியன் மறையும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலோ அடிலெய்டிலோ வந்து இறங்கி கொஞ்ச மாதம் ஆகியிருக்கும். பெர்த்தில் நல்ல வேலை கிடைத்திருக்கும். விமானத்தில் நாலு மணி நேரம்தான், ஆனால் சாமான்கள் இருக்கின்றன, பிள்ளைகள் இருக்கிறார்கள், "காரிலேயே போய்விடலாமே, நாட்டையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். தாராளமாகப் போங்கள். அந்தப் பாதையைப் போல ஒன்றை நம் ஊரில் பார்க்கவே முடியாது. ஆனால் என் நண்பர் குடும்பத்துக்கு நடந்தது இனி யாருக்கும் நடக்கக்கூடாது என்பதால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தூரம். மெல்பர்னிலிருந்து பெர்த் சுமார் 3,400 கிலோமீட்டர், அடிலெய்டிலிருந்து சுமார் 2,700. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் 700 கிலோமீட்டர்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியா என்ற ஒரு மாநிலம் மட்டுமே ஏறக்குறைய 25 லட்சம் சதுர கிலோமீட்டர், 19 தமிழ்நாடு அதற்குள் அடங்கும். வழியில் போர்ட் அகஸ்டாவிலிருந்து நார்ஸ்மன் வரை போகும் ஏர் (Eyre) நெடுஞ்சாலை 1,660 கிலோமீட்டர் சொச்சம், அதில் முழுக்கத் தார் போட்டு முடித்ததே 1976-ல்தான். பலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் நடுவில் 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் ஒரே கோட்டில் போக வேண்டும். வரைபடத்தில் பார்க்கும்போது இது எதுவுமே புரியாது.

லைசென்ஸ், காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியா, இலங்கை லைசென்ஸை வைத்து எத்தனை நாள் ஓட்டலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ சவுத் வேல்ஸில் 2023 ஜூலைக்குப் பிறகு தற்காலிக விசாவில் இருப்பவர்களும் ஆறு மாதத்துக்குள் உள்ளூர் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும், அதற்கு எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் உண்டு. உங்கள் மாநிலப் போக்குவரத்துத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாநிலம் மாறும்போது வண்டியைச் சோதிப்பார்கள். மேற்கே போகும்போது எல்லையிலுள்ள பார்டர் வில்லேஜில், கிழக்கே வரும்போது எல்லை தாண்டி வெகுதூரம் வந்தபின் சிடூனாவில். பழம், பச்சைக் காய்கறி, தேன், விதை, செடி என்று இருப்பது எல்லாவற்றையும் நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள். தொட்டியில் ஆசையாக வளர்த்த கறிவேப்பிலைச் செடியை மெல்பர்னிலேயே யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கிளம்புவதுதான் நல்லது, சோதனையில் அதைப் பிடுங்கிக்கொண்டால் மனசு தாங்காது. சமைத்த சாப்பாட்டுக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை, புளியோதரையை எடுத்துப் போகலாம்.

சரி, இனி அந்தப் பெரிய விஷயம்.

நம் ஊரில் தூரப் பயணம் என்றால் எப்படிக் கிளம்புவோம்? பொங்கலுக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலி போக வேண்டும் என்றால் ராத்திரி சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்கு வண்டியை எடுப்போம். வெயில் இல்லை, நெரிசல் குறைவு, பிள்ளைகள் பின்சீட்டில் தூங்கிவிடுவார்கள், விக்கிரவாண்டி தாண்டி எங்காவது ஒரு டீ, விடியும்போது ஊர். அப்பாக்கள், மாமாக்கள் எல்லாரும் அப்படித்தான் ஓட்டினார்கள், நமக்கும் அதுதான் பழக்கம். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சாலைகளில் இந்தப் பழக்கம் உங்கள் சேமிப்பை மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விடும். உயிரையும் எடுக்கலாம்.

என் நண்பர் மெல்பர்னில் வாடகைக் கார் எடுத்தார், பெர்த்தில் திருப்பிக் கொடுப்பதாக ஒப்பந்தம். அலுவலகத்தில் இருந்தவர் கேட்ட கூடுதல் பணத்தையும் கட்டி எல்லாவற்றுக்கும் ஈடு தரும் காப்பீடு என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார். அவர் கவனமான ஆள், ராத்திரியில் ஓட்டக்கூடாது என்பது அவருக்கும் தெரியும். ஜூன் மாதம் அது, அங்கே குளிர்காலம். மதுரா என்ற இடத்தில் (பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்குக் குதிரை வளர்ப்பதற்காக 1876-ல் தொடங்கிய குடியிருப்பு அது) பெட்ரோல் போட்டுவிட்டு, அடுத்த ரோடுஹவுஸான (பெட்ரோல், சாப்பாடு, அறை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் சாலையோர விடுதி) காக்கிள்பிடியில் அறை பதிவு செய்திருந்ததால் கிளம்பினார். 90 கிலோமீட்டர், ஒரு மணி நேர ஓட்டம். போனில் 4.15. பெர்த்தில் சூரியன் 5.20-க்கு மறைகிறது என்று அதே போன் காட்டியது. நேரம் இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் அவர் இருந்தது பெர்த் இல்லை, பெர்த்துக்குக் கிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். மாநிலம் முழுவதற்கும் சட்டப்படி ஒரே நேரம்தான், சூரியனுக்கு அது தெரியுமா? ஜூனில் அந்தப் பகுதியில் பெர்த் நேரப்படி 4.40-க்கே சூரியன் மறைந்துவிடும். அதனால்தான் அங்கே யூக்ளா, மதுரா, காக்கிள்பிடி, கைகூனா பக்கத்து ஆட்கள் தங்களுக்கென்று முக்கால் மணி நேரம் முன்னால் கடிகாரத்தை வைத்து வாழ்கிறார்கள், ரோடுஹவுஸ் சுவரில் அந்த நேரம்தான் இருக்கும். முந்தின நாட்களில் தெற்கு ஆஸ்திரேலிய நேரப்படி சிடூனாவில் 5.40 வரை வெளிச்சம் இருந்ததைப் பார்த்தவருக்கு, எல்லை தாண்டிக் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் போனதில் கணக்குக் குழம்பிப் போவது இயல்புதான். மேற்கே ஓட்டும்போது மாலைச் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். அது அடங்கியதும் சட்டென்று மங்கலாகிவிடும், அந்த நேரத்தில்தான் கங்காருக்கள் சாலையோரம் மேய வருகின்றன. 4.55 வாக்கில் ஒரு பெரிய கங்காரு பானெட்டின் மேல் வந்து விழுந்தது. ரேடியேட்டர், முன்பக்கம் எல்லாம் போயிற்று. கடவுள் புண்ணியத்தில் குழந்தைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தார். கார் நிறுவனம் ஒப்பந்தத்தின் ஒரு வரியை எடுத்துக் காட்டியது: மேற்கு ஆஸ்திரேலியாவில் நகர எல்லைக்கு வெளியே சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை வண்டி ஓட்டினால் எந்தப் பாதுகாப்பும் செல்லாது. விபத்தான உடனே அவர் எடுத்த போட்டோக்களில் நேரம் பதிவாகியிருந்தது. அந்த இடத்தில் அன்று சூரியன் மறைந்த நேரம் அரசுத் தளத்திலேயே கிடைக்கிறது. பதினைந்து நிமிட வித்தியாசம். வண்டியை இழுத்துப் போக டோ டிரக் நார்ஸ்மனிலிருந்து வர வேண்டியிருந்தது, ஒரு வழி மட்டுமே 400 கிலோமீட்டருக்கு மேல். பழுது, இழுவைக் கூலி, வண்டி ஓடாத நாட்களுக்கான கட்டணம் எல்லாம் சேர்ந்து 18,000 டாலரைத் தாண்டிவிட்டது. புது வேலையின் முதல் வருடச் சேமிப்பு முழுக்க அதிலேயே போனது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கூடுதல் பணம் வாங்கும்போது சிரித்த முகத்துடன் பேசியவர்கள் இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?

ஆகவே கார் எடுக்கும்போதே இதைக் கேளுங்கள்: "இரவு ஓட்டத்துக்குத் தடை உண்டா, எந்த மாநிலத்தில், எந்த நேரத்திலிருந்து, விலங்கு மோதினால் யார் கட்டுவது?" பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு ஒன்றுக்கும் உதவாது. இந்தத் தடை பல நிறுவனங்களில் உண்டு, மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் வடக்குப் பிரதேசத்துக்கும்தான் அதிகமாகப் போடுகிறார்கள். மண் சாலையில் ஓட்டத் தடை, ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வரம்பு, வேறு ஊரில் திருப்பிக் கொடுப்பதற்கான கட்டணம் ஆகியவையும் அதே பக்கங்களில்தான் இருக்கும். சொந்தக் கார் என்றால் இந்தத் தடை பெரும்பாலும் வராது, ஆனாலும் உங்கள் பாலிசியைப் படித்துவிட்டே கிளம்புங்கள். வாட்ஸப் குழுக்களில் "நாங்க ராத்திரி பூரா ஓட்டினோம், ஒண்ணும் ஆகல" என்று சொல்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் அவர்கள் பணம் கட்டப் போவதில்லை.

பயணத்தை வெளிச்சத்தை வைத்துத் திட்டமிடுங்கள். குளிர்காலத்தில் பத்து மணி நேரம்தான் பகல். காலையில் சூரியன் உதித்து அரை மணி கழித்துக் கிளம்புங்கள், மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக வண்டியை நிறுத்திவிடுங்கள். அடிலெய்டிலிருந்து என்றால் கிம்பா, நல்லர்போர் ரோடுஹவுஸ், காக்கிள்பிடி, நார்ஸ்மன், மெரிடின் என்று ஐந்து இரவு தங்கி ஆறாம் நாள் பெர்த் சேரலாம். அவசரக்காரர்கள் மூன்று நாளில் முடித்தேன் என்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு ஊரின் சூரிய மறைவு நேரத்தையும் கிளம்புவதற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். வழியில் பெரும்பாலான இடங்களில் சிக்னல் இருக்காது.

விலங்கு குறுக்கே வந்தால் நேராகவே பிரேக் அடியுங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். ஒடித்து வண்டி உருண்டுதான் பலர் சாகிறார்கள். நம் ஊரில் மாடு குறுக்கே வந்தால் வளைத்து ஓட்டிப் பழகிய கை சும்மா இருக்காது, அதனால் இதை மனதில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளுங்கள். கங்காரு மட்டுமில்லை, ஒட்டகம், வொம்பட், ஈமு எல்லாமே அங்கே உண்டு. செத்த கங்காருவைத் தின்னும் கழுகுகள் பெரியவை, எழும்ப நேரமெடுக்கும், தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் 36 மீட்டர் நீளமுள்ள ரோடு டிரெயின் லாரிகளை முந்த வேண்டுமென்றால் எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் காலியாக இருக்க வேண்டும்.

பெட்ரோல் பங்குகளுக்கு இடையில் அதிகபட்சம் சுமார் 190 கிலோமீட்டர்தான், ஆனால் பாதி டேங்க் காலியானதும் நிரப்பிவிடுங்கள். விலை நகரத்தைவிட நிறையவே கூடுதலாக இருக்கும். தண்ணீரை நீங்களே கேன்களில் எடுத்துப் போங்கள், அங்கே நல்ல தண்ணீர் அரிது. சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சிப்ஸும் டோஸ்ட்டும்தான். நான் போனபோது மூன்றாம் நாள் உழுந்து வடைக்கும் ஒரு நல்ல டீக்கும் மனசு அப்படி ஏங்கியது, உளுந்தூர்பேட்டைக் கடைகள் கண் முன்னால் வந்து நின்றன. ஆனால் அதே நாளில்தான் பண்டா (Bunda) கடற்பாறை முகட்டில் நின்று கீழே தெற்குக் கடலைப் பார்த்தேன். ஜூனிலிருந்து அக்டோபர் வரைக்கும் ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோர இடத்தில் திமிங்கலங்கள் குட்டியோடு கரைக்குப் பக்கத்திலேயே மிதக்கும். அதற்காக அரை நாள் ஒதுக்குங்கள், குழந்தைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

அவசர எண் 000. எந்த நெட்வொர்க்கும் இல்லாத இடத்தில் அதுவும் போகாது, அதனால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் போனோ கருவியோ ஒன்று கையில் இருக்கட்டும்.

அறை விஷயம் ஒன்று பாக்கி. என் நண்பர் மதுராவிலேயே தங்காமல் கிளம்பியதற்குக் காரணம் காக்கிள்பிடியில் முன்பணம் கட்டியிருந்ததுதான். ரோடுஹவுஸ்களின் தொலைபேசி எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேரமாகிவிட்டால் இருக்கும் இடத்திலிருந்தே கூப்பிட்டு நாளைக்கு வருகிறோம் என்று சொல்லுங்கள், தேதி மாற்றித் தருகிறார்களா பாருங்கள். தராவிட்டால் அந்த அறைப் பணம் போனால் போகட்டும், அங்கேயே இன்னொரு அறை கேளுங்கள். அறை இல்லையென்றால் ரோடுஹவுஸ் வளாகத்திலேயே வண்டியை நிறுத்திப் படுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். போர்வைகளை டிக்கியின் அடியில் போடாமல் பின்சீட்டில் வைத்திருங்கள், ஜூன் ஜூலை ராத்திரி அங்கே நடுக்கும்.